கிளினிக் கொப்பியும் கச்சேரிக் கோப்பும்

(சித்தாண்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சித்திர வேலாயுத சுவாமி குடியிருக்கும் ஊரில் சொற்பொழிவு என்றால் கந்தபுராணத்தையோ வடமோடிக் கூத்தையோ எதிர்பார்ப்பது இயல்பு. என் தலைப்பைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்ததாகவும் அறிந்தேன். படிவங்களையும் அத்தாட்சிக் கடிதங்களையும் பற்றி ஒரு மணித்தியாலம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். இருக்கிறது. நீண்டகால வருத்தக்காரர் ஒருவரும் இல்லாத வீடு இந்தச் சபையில் எத்தனை பேருக்கு இருக்கிறது? சீனி வருத்தத்தில் கால்விரல் எடுத்தவர், சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறவர், வலிப்புக்காரர், மனநோய்க்கு மாதம் ஒருமுறை ஊசி போடுகிறவர், ஷெல் துண்டை இன்னும் உடம்பில் வைத்திருக்கிறவர். இவர்களுக்கென்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, மாதக் கொடுப்பனவு இருக்கிறது, அரச வேலையில் பங்குகூட இருக்கிறது. அவற்றை எட்டிப் பிடிப்பதற்கு வேண்டிய சுகமான உடம்பு மட்டும்தான் அவர்களிடம் இல்லை.

நான் சட்டத்தரணியும் அல்ல, வைத்தியரும் அல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அயலாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். அந்தத் திண்ணையிலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் சட்டம். 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. யார் வலுவிழந்தவர் என்று அது தரும் விளக்கம், உண்மையைச் சொன்னால், தாராளமானது. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாட்டினால், அது பிறவியில் வந்ததோ பிறகு வந்ததோ, தன் வாழ்க்கைத் தேவைகளை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று அது சொல்கிறது. கால் இல்லாதவர், கண் தெரியாதவர் என்று பட்டியல் போடவில்லை. 'ஒரு பகுதியாகவோ' என்று சொன்னதில் பாதிச் சுகத்தோடு காலம் தள்ளுகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, வேலைக்கு ஆள் எடுக்கும்போது வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இதற்கு எட்டு வருடம் முன்பே, 1988-இல், 27/88 என்ற பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்துவிட்டது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதம் வலுவிழந்தோருக்கு. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. உரிய தகைமை இருக்க வேண்டும், அத்தோடு அந்த வலுவிழப்பு கடமையைச் செய்வதற்குத் தடையாகவும் இருக்கக்கூடாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுப்பனவு வேண்டுமானால் 'என்னால் முடியாது' என்று நிரூபிக்க வேண்டும். வேலை வேண்டுமானால் 'என்னால் முடியும், தடையில்லை' என்று நிரூபிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரும் மனிதவலு, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பானவரும் ஒரே கட்டிடத்தில்தான் இருப்பார்கள். ஒரே மனிதர் ஒரே காலையில் ஒரு மேசையில் முடியாது என்று அழுதுவிட்டு அடுத்த மேசையில் முடியும் என்று நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டும் பொய்யல்ல. வருத்தக்காரரின் உண்மையே இரண்டாகத்தான் இருக்கிறது. சில நாள் முடியும், சில நாள் முடியாது. அந்தச் 'சில நாள்' என்பதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இனிக் கொடுப்பனவு. பழைய ஆட்கள் பிச்சைச் சம்பளம் என்று சொன்ன காலத்திலிருந்து ஜனசவிய, சமுர்த்தி என்று பெயர் மாறி மாறி, 2023 யூலையில் அஸ்வெசும வந்தது. அதற்குப் பின்னால் நிற்பது 2002-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு வகையில் 22 அளவுகோல்கள் வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். மின்சாரம் எத்தனை அலகு எரிகிறது என்பதுகூட அதில் ஒன்று. குடும்பத்தில் தீராத வருத்தக்காரர், வலுவிழந்தவர் இருப்பதும் கணக்கில் வரும். இது தவிர வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தனியாக மாதக் கொடுப்பனவு. அஸ்வெசும தொடங்கியபோது அது 5,000 ரூபாய். அந்த நேரம் வலுவிழந்தோர் பட்டியலில் நாடு முழுவதற்கும் 72,000 பேர். பிறகு 7,500 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ஆயிற்று. ஏறியது நல்லதுதான், குறை சொல்லவில்லை. இன்றைய கூலிக்கு அது நாலைந்து நாள் உழைப்பு.

இந்த 72,000 என்ற எண்ணை 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவது ஒரு வகையில் சிரமம் உள்ளவர்கள் 16 லட்சத்துக்கும் மேல், அதாவது 8.7 வீதம். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைத் தானே பராமரித்தல், பேசிப் புரிந்துகொள்ளல் என்று ஆறு விடயங்களில் எவ்வளவு சிரமம் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் கொடுப்பனவு தேவை என்று நான் வாதாடவில்லை. வயதால் பார்வை மங்கியவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். நான் கவனிப்பது கேட்ட விதத்தைத்தான். எந்த அவயவம் பழுது என்று கேளாமல், எதைச் செய்யச் சிரமம் என்று கேட்டார்கள். கேட்கத் தெரியாத அரசாங்கம் அல்ல இது. கணக்கெடுக்கும்போது ஒழுங்காகக் கேட்கிறது, காசு கொடுக்கும்போது மறந்துபோகிறது.

எங்கள் பகுதிப் பெண்பிள்ளை ஒருவர் தையல்காரி. நாற்பதுக்குள் வயது, மூட்டுவாதம். அந்த வருத்தத்தின் குணம் என்னவென்றால், விடியற்காலையில் கைவிரல்கள் விறைத்து மடங்கவே மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். பத்து மணிபோல விரல் இளகும். மாலையில் மறுபடி வீங்கும். ஒரு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், பதினொரு மணிக்கு. போனார், பதில் சொன்னார், கடைசியில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். படிக்கிற காலத்தில் எழுத்துக்குப் பரிசு வாங்கியவர், வடிவாக வைத்தார். அங்கிருந்தவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து, 'கை நல்லாத்தானே வேலை செய்யுது' என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த மனிதருக்குக் கண்ணால் கண்டதுதான் சாட்சி. காலை ஆறு மணிக்கு அந்த விரலைக் காண அவர் வரவில்லை, வரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

இன்னொரு வீடு. தகப்பன் இல்லை. மகனுக்கு முப்பது கடந்துவிட்டது, பதினெட்டு வயதிலிருந்து மனநோய். தாய் என்னிடம் ஒரு புடவைக்கடைப் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். மட்டை கழன்ற கிளினிக் கொப்பி. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டும்போது கொடுத்த நோய்நிர்ணய அட்டைகள், நோயின் பெயர் ஆங்கிலத்தில், அதுவும் கோழி கிளறிய எழுத்தில். விதானையாரின் அத்தாட்சிக் கடிதம். அடையாள அட்டைப் பிரதிகள் ஒரு கட்டு. இடம்பெயர்ந்திருந்த காலத்து நிவாரண அட்டை. 2011 வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன சில தாள்கள், அவற்றை எறியவும் அவருக்கு மனமில்லை. எது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'அவனுக்கு வருத்தம் கூடின நாளில நானும் வீட்ட விட்டு வெளிய போகேலா மனே. கொஞ்சம் நல்லா இருக்கிற நாளிலதான் கூட்டிப்போவன். அவங்க அவனப் பாத்திட்டு, நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போகலாமே எண்டுறாங்க.'

இந்த விடயத்தைப் பற்றி நான் வாசித்த அறிக்கை எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. மதிப்பீட்டுக்குப் போகத் தெம்பு இருந்தால் மதிப்பீட்டில் தோல்வி. தெம்பு இல்லாவிட்டால் வரவில்லை என்று கோப்பு மூடப்படும்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரிலிருந்து லண்டனுக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் 2008-இல் வேலைத்திறன் மதிப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்து, அதைச் செய்யும் பொறுப்பைத் தனியார் கம்பனியிடம் கொடுத்தார்கள். கையைத் தூக்க முடியுமா, இவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று புள்ளி போட்டு, 15 புள்ளி வந்தால்தான் வருத்தக்காரர். கென் லோச் எடுத்த 'ஐ, டானியல் பிளேக்' என்ற படம் இதைப் பற்றியதுதான். 2016-இல் கான் விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்றது. மாரடைப்பு வந்த ஒரு தச்சுத்தொழிலாளி. வேலைக்குப் போகாதே என்கிறார் வைத்தியர். புள்ளி காணாது, வேலை தேடு என்கிறது அலுவலகம். வேலை தேடியதற்கு அத்தாட்சி கொடுக்க அவர் ஊரெல்லாம் அலைகிறார். வேலை கிடைத்தாலோ அவரால் போக முடியாது. அதே ஆண்டு, பிரித்தானியா வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாரதூரமாக மீறிவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 2013-இல் வந்த இன்னொரு கொடுப்பனவில் மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை போனவர்களில் பாதிக்கும் மேலானோர் வென்றிருக்கிறார்கள். முதல் முடிவு எந்த இலட்சணத்தில் எடுக்கப்பட்டது என்று இதிலிருந்தே தெரிகிறது. கடைசியில், அந்த வேலைத்திறன் மதிப்பீட்டை 2028-இல் ஒழிக்கப்போவதாக 2025-இல் அரசாங்கமே சொன்னது.

இந்தியாவில் வேறு வழி. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. மனநோயும் இரத்த நோய்களும் அதில் உண்டு. 40 வீதம் என்று வைத்தியர் எழுதினால் சலுகை, அரச வேலையில் 4 வீத ஒதுக்கீடு. பட்டியல் நீண்டது நல்லது. ஆனால் வலியை வீதத்தில் எழுதுவது எப்படி என்று அங்கும் எவருக்கும் தெளிவில்லை.

வெளிநாடுகளை விடுங்கள், எங்கள் மட்டக்களப்பு வாவியிலேயே மாந்தீவு இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் குட்டரோகிகளைக் கொண்டுபோய் வைத்த தீவு. 1901-இல் வந்த சட்டம் அவர்களைப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. அந்த நாளில் மதிப்பீடு மிக எளிது, ஒரே கேள்விதான். தோலைப் பார்ப்பார்கள், தோணியில் ஏற்றுவார்கள். உடம்பை ஒருமுறை பார்த்து ஆயுசுக்கும் முடிவு கட்டும் பழக்கம் அலுவலகங்களுக்கு அங்கிருந்தே வந்தது போலும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

இனி வேலைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் கொடுப்பனவைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது, வேலையைப் பற்றிப் பேச ஆளில்லை.

வேளாண்மைதான் இந்த ஊரின் பெரிய தொழில். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு நினைவிருக்கும், பழைய வட்டைகளில் வருத்தக்காரருக்கும் வேலை இருந்தது. குருவி விரட்ட ஒருவர், பன்றிக் காவலுக்குப் பரணில் இருக்க ஒருவர், களத்தில் சூடடிக்கும்போது தேத்தண்ணி கொண்டுபோக, கூட்டிப் பெருக்க, சாக்குப் பிடிக்க என்று ஆள் வேண்டும். முழுநாள் முடியாவிட்டால் அரைநாள். நாளைக்கு வரமுடியாவிட்டால் தம்பி வருவான். கூலி காசாக இல்லாவிட்டாலும் நெல்லாக வரும். யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்கவில்லை, ஏனென்றால் போடியாருக்கும் வட்டவிதானைக்கும் அந்த ஆளையும் அவர் வருத்தத்தையும் தெரியும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. கூலியில் ஏமாற்று நடந்தது, அவமானம் நடந்தது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. வேலை துண்டு துண்டாக இருந்தது, ஆளும் துண்டு துண்டாக வரலாம். வெட்டும் இயந்திரம் வந்தது, ஒரு பகலில் வட்டை வெறிச்சென்று ஆயிற்று. அரைநாள் வேலைகள் எல்லாம் அதோடு போயின.

இன்று இளம்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலை ஆடைத்தொழிற்சாலை. விடியுமுன் பஸ் வரும். மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு. கிளினிக்குக்கு மாதம் ஒரு நாள் லீவு கேட்டால் வரவுக் கொடுப்பனவு வெட்டு. வலிப்பு மாத்திரை குடிப்பவருக்குத் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் இலக்கு தவறும். வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தால் தொழிற்சந்தைக்குக் கூப்பிடுகிறார்கள், தொழிற்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவையில் நடத்துவது போன்ற பயிற்சி நிலையங்களில் படித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே இருக்கும் ஒரு வருத்தக்காரர் கிளினிக்கை விட்டு, தாயை விட்டு, மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கிப் படிப்பதற்கு முதலில் சுகமாக இருக்க வேண்டாமா?

இன்னொரு பயமும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போனால் கொடுப்பனவை நிறுத்திவிடுவார்கள், நாலாம் மாதம் வருத்தம் திரும்பினால் மறுபடி விதானையாரிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே முடிந்த வேலையையும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். அல்லது ஒளித்துச் செய்கிறார்கள். கடையில் பொதி கட்டுகிறவர் அலுவலகத்து மோட்டார் சைக்கிளைக் கண்டதும் பின்பக்கம் போகிறார். இவரைச் சோம்பேறி என்பதா, கள்ளன் என்பதா? இரண்டும் இல்லை. உழைத்ததற்குத் தண்டனை வருமோ என்று பயப்படும் மனிதர். 2012 மதிப்பீட்டில் வலுவிழந்தோரில் பத்துக்கு ஏழு பேர் எந்த உழைப்பிலும் இல்லை என்று தெரியவந்தது. முதியோரும் அதில் அடக்கம்தான். ஆனாலும் அந்த ஏழு பேரில் எத்தனை பேர் முடியாமல் இருக்கிறார்கள், எத்தனை பேர் பயந்து இருக்கிறார்கள் என்று யாரும் பிரித்துப் பார்த்ததாக நான் அறியவில்லை.

3 வீதச் சுற்றறிக்கைக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் 2007-இல் கையெழுத்திட்டு, 2016-இல் அதை உறுதிப்படுத்தினோம். அதன் 27-ஆம் உறுப்புரை வேலை, 28-ஆம் உறுப்புரை சமூகப் பாதுகாப்பு. அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் ஒன்றாக வாசிக்கும் உத்தியோகத்தர் ஒருவர் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். கொடுப்பனவு பெறுபவர் வேலைக்குப் போனால் ஒரு வருடத்துக்குக் கொடுப்பனவைத் தொடக்கூடாது. வருத்தம் திரும்பினால் பழைய கோப்பையே திறக்க வேண்டும். மறுக்கிற கடிதத்தில் என்ன காரணத்துக்காக மறுக்கிறோம் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விடயங்கள், செய்வதற்குப் பணமும் பெரிதாகத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நடக்கவேண்டியது யார் என்பது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மட்டக்களப்புக்கு மனநல வைத்திய நிபுணராக வந்த மகேசன் கணேசனைப் பலருக்கும் தெரியும். போர் நடந்த அந்த நாட்களில் மனநல சிகிச்சையைக் கிராமங்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும் என்று உழைத்தவர். நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே சேவை போகலாம் என்று இந்த மாவட்டத்திலேயே செய்து காட்டியாயிற்று. வைத்தியத்துக்கு முடிந்தது படிவத்துக்கு ஏன் முடியாது? மாவடிவேம்பு ஆஸ்பத்திரியில் கிளினிக் நடக்கும் நாளில் சமூக சேவைகள் உத்தியோகத்தர் ஒரு மேசை போட்டு இருக்கலாம். வருத்தக்காரர் அங்கே எப்படியும் வருகிறார், வைத்தியரும் அங்கே இருக்கிறார், கொப்பியும் கையில் இருக்கிறது. மூன்றையும் தேடி அவர் மூன்று இடத்துக்கு அலையத் தேவையில்லை.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். வந்தாறுமூலையிலிருந்து வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு காலை நேரம் போதும். கிளினிக் வாசலில் ஒரு வாங்கில் இருந்து, வருகிறவர்களின் தாள்களை ஒழுங்குபடுத்தி, ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லி, மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

வருத்தக்காரர் உள்ள வீட்டாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். முடியாத நாள் எது, அன்று எதைச் செய்ய முடியவில்லை, யார் கூட இருந்தார் என்று திகதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். விசாரணைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள், பிரதி எடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், மேன்முறையீட்டுத் திகதி முடியுமுன் வாருங்கள். என் வீட்டுத் திண்ணை திறந்துதான் இருக்கும்.